பூச்சுக்குள் ஒளிந்த மருந்து

தம்மைத் தாமே சீர்செய்துகொள்ளும் பொருட்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தொடங்குகிறார்கள். அம்மாதம் 15ஆம் தேதி வெளியான 'நேச்சர்' இதழில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் வைட், நான்சி சோட்டோஸ், ஜெஃப்ரி மூர் முதலியோர் எழுதிய சிறு கட்டுரை ஒன்று இடம்பெற்றது. விரிசல் விட்ட எபாக்ஸிப் பிசின் யாருடைய கையும் படாமல் தன் விரிசலைத் தானே ஒட்டிக்கொண்டது என்பதே அதன் செய்தி. உலகெங்கும் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. கொண்டாடியதில் பிழையில்லை. ஆனால் அந்தத் தேதியில் தொடங்கும் வரலாறு முன்கதை இல்லாத வரலாறு. குறிப்பாக, உலோகத்தைக் காக்கும் பூச்சுகளைப் பொறுத்தவரை, கீறல் விழுந்தால் தானே ஆறிக்கொள்ளும் பூச்சு அதற்கு அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே ஆகாய விமானங்களின் உடலில் இருந்தது. அதை ஏன் யாரும் பெருமையோடு நினைவுகூர்வதில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைச் சொல்லாமல் இல்லினாய் ஆய்வாளர்களின் உழைப்பு எதற்காக என்பதும் விளங்காது என்றே நினைக்கிறேன்.

முதலில் கீறல் என்பது என்ன என்று பார்ப்போம். இரும்புக் கதவுக்கு வண்ணம் பூசுகிறோம். அழகுக்காக என்று நினைத்தாலும், அந்த மெல்லிய படலத்தின் உண்மையான வேலை நீரையும் உப்பையும் இரும்பிலிருந்து விலக்கி வைப்பது. கார் ஒன்றின் மேலுள்ள எல்லா அடுக்குகளையும் சேர்த்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். அதில் ஒரு சாவி உரசிப் போனால், வெளிப்படும் இரும்பு சிறு கோடுதான். ஆனால் துரு அந்தக் கோட்டோடு நின்றுவிடுவதில்லை. கோட்டின் நடுவே இரும்பு கரைகிறது. அங்கிருந்து புறப்படும் மின்னணுக்கள் கோட்டின் ஓரத்தில், வண்ணத்தின் அடிப்பக்கத்தில், ஆக்சிஜனோடும் நீரோடும் வினைபுரிந்து காரத்தை உண்டாக்குகின்றன. அந்தக் காரம் வண்ணத்தின் பிடியைத் தளர்த்துகிறது. பிடி தளர்ந்த இடத்தில் நீர் புகுகிறது. மேலே பார்த்தால் வண்ணம் அப்படியே பளபளக்கும். விரலால் அழுத்தினால் அப்பளம்போல் நொறுங்கும். கடற்கரை ஊர்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மனித குலம் கண்ட பழைய மருந்து, மறுபடியும் பூசுவது. ஆளி விதை எண்ணெயில் நிறப்பொடியைக் குழைத்துப் பூசினால் எண்ணெய் 'காய்கிறது' என்கிறோம். உண்மையில் அது காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகின்றன. பாலிமர் என்ற சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஓவியர்கள் பாலிமரைத் தூரிகையில் தொட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணெயில் ஈயத்தின் செந்நிற ஆக்சைடைக் கலந்து பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் பூசினார்கள். ஸ்காட்லாந்தில் 1890இல் திறக்கப்பட்ட ஃபோர்த் ரயில் பாலத்தைப் பற்றி ஒரு வழக்கு உண்டு: ஒரு முனையிலிருந்து பூசத் தொடங்கி மறுமுனையை அடையும்போது முதல் முனை துருவேறிவிடும், ஆகவே அங்கே பூச்சு வேலை முடிவதே இல்லை என்று. அப்படியே நடந்ததில்லை என்று விவரம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். இருந்தும் ஆங்கிலம் பேசும் நாடுகளில் முடிவில்லாத வேலைக்கெல்லாம் அது உவமையாகிவிட்டது.

திரும்பத் திரும்பப் பூசாமல் உலோகத்தைக் காக்க முடியுமா என்ற கேள்விக்கு முதன்முதலில் அறிவியல் முறையில் விடை தேடியவர் ஹம்ஃப்ரி டேவி. பிரிட்டிஷ் கடற்படையின் மரக் கப்பல்களுக்கு அடியில் செப்புத் தகடு வேயப்பட்டிருந்தது. மரத்தைத் துளைக்கும் புழுக்களிடமிருந்து செம்பு காத்தது. ஆனால் கடல்நீரில் செம்பே அரித்துப் போயிற்று. 1820களின் தொடக்கத்தில் கடற்படை இந்தச் சிக்கலை ராயல் சொசைட்டியிடம் கொண்டுவந்தது. செம்போடு சிறிதளவு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால், அரிப்பை அந்தச் சிறு துண்டு தன்மேல் ஏற்றுக்கொள்ளும், செம்பு பிழைக்கும் என்று டேவி 1824இல் காட்டினார். ஆய்வகத்தில் அது அற்புதமாக வேலை செய்தது. கப்பல்களில் பொருத்தினார்கள். செம்பு அரிக்கவில்லை. ஆனால் சில மாதங்களில் கப்பலின் அடிப்பாகம் முழுவதும் கொட்டலசுகளும் பாசியும் மண்டிக் கப்பலின் வேகம் குறைந்துபோயிற்று.

நடந்தது இதுதான். செம்பு சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருந்தவரை அந்த நஞ்சு கடலுயிர்களை அண்டவிடாமல் வைத்திருந்தது. டேவி கரைதலை நிறுத்தினார், நஞ்சும் நின்றது. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. டேவிக்கு இது பெரிய அவமானமாகப் போயிற்று. இன்று கடலடிக் குழாய்களிலும் கப்பல்களிலும் துத்தநாக, அலுமினியத் துண்டுகளைப் பொருத்திப் பாதுகாக்கும் முறை அவர் கண்டதுதான் என்பது வேறு விஷயம். இங்கே நமக்கு வேண்டியது ஒன்று: பாதுகாப்பு என்று நாம் நினைக்கும் பல இடங்களில் வேலை செய்துகொண்டிருப்பது மெதுவான ஒரு கசிவு. இந்தக் கசிவு என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1837இல் பிரான்ஸில் சோரெல் என்ற பொறியாளர் இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊர் வாளியிலும் தகரக் கூரையிலும் இருப்பது அதுவே. அதில் கீறல் விழுந்தால் பக்கத்திலுள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. எனினும் கீறல் கீறலாகவே இருக்கிறது. காவல்காரன் பக்கத்தில் நிற்கிறான், காயம் மூடவில்லை.

காயத்தை மூடிய முதல் பூச்சு குரோமேட்.

குரோமியம் என்ற உலோகம் தன் சேர்மங்களில் பெரும்பாலும் இரண்டு நிலைகளில் இருக்கும். இணைதிறன் மூன்றாக இருக்கும்போது அது நீரில் எளிதில் கரையாத பச்சைப் பொருள். இணைதிறன் ஆறாக இருக்கும்போது மஞ்சளும் ஆரஞ்சுமாக, பெரும்பாலும் நீரில் கரையும் பொருள். அலுமினியத்தின் மேல் ஏற்றும் மெல்லிய குரோமேட் படலத்தில் இரண்டும் கலந்திருக்கும். கீறல் விழுகிறது. மழையோ பனியோ படிகிறது. அக்கம்பக்கத்துப் படலத்திலிருந்து ஆறு இணைதிறன் குரோமியம் ஈரத்தில் கரைந்து, கசிந்து, கீறலுக்குள் இறங்குகிறது. அங்கே வெற்று உலோகத்தைத் தொட்டதும் மூன்று இணைதிறனாக மாறி, கரையாத படலமாக உறைந்து, கீறலை மூடிவிடுகிறது. யாரும் பார்க்கவில்லை, யாரும் தொடவில்லை. ஈரமே தூதுவன், ஈரமே மருத்துவன். இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்க விமானங்களின் உட்பகுதியைப் படங்களில் பார்த்தவர்கள் அந்த விநோதமான மஞ்சட்பச்சை நிறத்தைக் கவனித்திருக்கலாம். அது துத்தநாகக் குரோமேட் கலந்த அடிப்பூச்சின் நிறம்.

தமிழில் 'ஆறு' என்பது எண்ணும் ஆகும், நதியும் ஆகும், புண் ஆறுவதும் ஆகும். சூடு ஆறுகிறது, சினம் ஆறுகிறது, அழுதவர் ஆறுதல் அடைகிறார். ஆங்கிலத்தில் இந்தப் பொருட்களுக்கு வைத்திருக்கும் பெயரை 'சுயமாகக் குணமாகும்' என்று பெயர்ப்பதைவிட 'தானே ஆறும்' என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் ஆறு இணைதிறன் குரோமியத்தின் விஷயத்தில் இந்தச் சொற்பொருத்தம் கொஞ்சம் கசப்பானது. உலோகத்தின் காயத்தை ஆற்றிய அதே பொருள் மனிதரின் உடலில் ஆறாத புண்களை உண்டாக்கியது.

இது பின்னாளில் தெரியவந்த உண்மை அல்ல. கிளாஸ்கோ நகருக்கு அருகே ஷாஃபீல்டில் இருந்த குரோமேட் ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிகப் பெரியது. அதன் உரிமையாளர் ஓவர்டவுன் பிரபு, பக்திமான், தர்மவான், ஞாயிற்றுக்கிழமை ஓய்வைப் பற்றி ஓயாமல் வலியுறுத்தியவர். அவருடைய ஆலையில் தொழிலாளர்கள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம், ஞாயிறு உட்பட, வேலை பார்த்தார்கள். குரோமேட் தூசி அவர்களுடைய மூக்கின் நடுத்தண்டை அரித்துத் துளையிட்டது. தோலில் விழுந்த புண்களை அவர்கள் 'குரோம் ஓட்டைகள்' என்றே அழைத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் கீர் ஹார்டி 1899இல் 'வெள்ளை அடிமைகள்' என்ற தலைப்பில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதி இதை அம்பலப்படுத்தினார். 1948இல் அமெரிக்கக் குரோமேட் ஆலைத் தொழிலாளர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மிகுந்திருப்பதை மருத்துவ ஆய்வு ஒன்று எண்ணிக்கைகளோடு காட்டியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இல் ஆறு இணைதிறன் குரோமியத்தை மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. 1899க்கும் 1990க்கும் இடையே தொண்ணூற்றொரு ஆண்டுகள்.

கலிஃபோர்னியாவின் ஹிங்க்லி என்ற சிற்றூரில் நிலத்தடி நீரில் இதே குரோமியம் கலந்தது. எரிவாயு நிலையம் ஒன்றில் குளிரூட்டும் நீரால் குழாய்கள் துருப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த குரோமியம் அது. 1996இல் 33 கோடியே 30 லட்சம் டாலர் இழப்பீட்டோடு வழக்கு முடிந்தது. 'எரின் பிராக்கோவிச்' படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். துரு என்ற சிறு வில்லனைத் துரத்தப் போய் ஊரின் கிணற்றில் நஞ்சு கலந்த கதை என்று அதைச் சொல்லலாம். நமக்கு அண்மையில் ராணிப்பேட்டை இருக்கிறது. உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலை 2006இல் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான பிளாக்ஸ்மித் வெளியிட்டபோது அதில் ராணிப்பேட்டையும் இருந்தது. மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் அதற்கு முக்கியக் காரணம். அங்கே தயாரானது பெரும்பாலும் தோல் பதனிடும் தொழிலுக்கான உப்பு. பூச்சுத் தொழிலோடு நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் மூலப்பொருள் ஒன்றுதான், நிலத்தடியில் கசிவதும் ஒன்றுதான்.

சட்டங்கள் மெல்ல இறுகின. அமெரிக்கா 2006இல் தொழிற்கூடக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்ற வரம்பை விதித்தது. ஐரோப்பா அதே ஆண்டு மின்னணுப் பொருட்களில் அதைக் கட்டுப்படுத்தியது. 2017 முதல் குரோமிய டிரையாக்சைடைத் தனி அனுமதி இன்றிப் பயன்படுத்த முடியாது என்றாக்கியது. விமானத் தொழில் மட்டும் விதிவிலக்குகள் கேட்டுக் கேட்டுக் காலம் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. ஏனெனில் அதற்கு ஈடாகத் தானே ஆறும் வேறொரு பூச்சு எளிதில் கிடைக்கவில்லை. நஞ்சில்லாத குரோமேட் ஒன்று வேண்டும் என்பதே கடந்த முப்பது ஆண்டு பூச்சு ஆய்வின் உள்ளோட்டம். இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் எபாக்ஸியின் விரிசல் ஏன் அவ்வளவு பெரிய செய்தி என்பது புரியும்.

ரப்பரின் வழி தனி வழி. பெட்ரோல் தொட்டியைக் குண்டு துளைத்தால் விமானம் தீப்பற்றும். இதற்குக் கண்ட தீர்வு எளியது: பதப்படுத்திய ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே பதப்படுத்தாத ரப்பரை வைத்துத் தொட்டியை அமைப்பது. குண்டு துளைத்ததும் பெட்ரோல் பச்சை ரப்பரைத் தொடும். ரப்பர் ஊறி உப்பி ஓட்டையை அடைக்கும். எது கசிந்து கேடு செய்ய வந்ததோ அதுவே அடைப்பானை ஊதிப் பெரிதாக்கியது. ஜப்பானின் புகழ்பெற்ற ஜீரோ விமானங்களின் ஆரம்ப வகைகளில் எடையைக் குறைக்க வேண்டி இந்தத் தொட்டி இல்லாமல் விட்டார்கள். அவை எளிதில் தீப்பற்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரப்பர் போன்ற மெத்தென்ற பொருளில் உடைந்த இரு பரப்புகளைச் சேர்த்து வைத்தால் ஒட்டுவதும், கெட்டிப்பட்ட எபாக்ஸியில் ஒட்டாததும் ஏன்? பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் தெ ஜென் 1971இல் ஒரு படிமத்தைத் தந்தார். நீண்ட பாலிமர் இழை, மற்ற இழைகளின் கூட்டத்துக்குள் பாம்புபோல் தன் நீளவாக்கில் நெளிந்துதான் நகர முடியும் என்றார். ரிச்சர்ட் வூல், ஓ'கானர் ஆகிய இருவர் 1981இல் இதைக் கொண்டு விரிசல் ஆறுவதற்கான கோட்பாட்டை வகுத்தார்கள். இரு பரப்புகளும் நெருங்க வேண்டும், ஒன்றையொன்று நனைக்க வேண்டும், பிறகு இழைகள் எல்லை தாண்டி மறுபக்கத்து இழைகளோடு பின்னிப் பிணைய வேண்டும். எபாக்ஸியில் இழைகள் குறுக்குப் பிணைப்புகளால் கட்டுண்டு கிடக்கின்றன. பாம்புக்கு நெளிய இடமில்லை. ஆகவே கெட்டியான பூச்சுக்கு இரண்டே வழிகள்: மருந்தை வெளியிலிருந்து கொண்டுவந்து உள்ளே ஒளித்து வைப்பது, அல்லது பிணைப்புகளையே அவிழ்த்துக் கட்டக்கூடியவையாக மாற்றுவது.

முதல் வழியை முயன்றவர்களில் முன்னோடி ஒரு கட்டடக்கலைப் பேராசிரியை. அதே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கேரலின் டிரை, 1990களின் முற்பகுதியில் கான்கிரீட்டுக்குள் பசை நிரப்பிய உள்ளீடற்ற இழைகளைப் புதைத்தார். விரிசல் வந்தால் இழை உடையும், பசை ஒழுகும். பிறகு வந்த 2001 கட்டுரையின் நிழலில் அவர் பெயர் சற்று மங்கிவிட்டது, அது நியாயமில்லை.

வைட் குழுவினர் இழைக்குப் பதில் நுண்ணிய உறைகளை எடுத்துக்கொண்டார்கள். இதுவும் ஆய்வகத்தில் முளைத்த யோசனை அல்ல, அலுவலகத்திலிருந்து வந்தது. நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் பாரட் கிரீன் என்பவரும் அவருடைய சகாவும் 1950களில் கார்பன் தாள் இல்லாமல் நகலெடுக்கும் தாளை உருவாக்கினார்கள். மேல் தாளின் பின்புறம் கண்ணுக்குத் தெரியாத உறைகளில் நிறமற்ற சாயம் பூசப்பட்டிருக்கும். பேனா அழுத்தும் இடத்தில் உறை உடைந்து, சாயம் கீழ்த் தாளின் களிமண்ணோடு வினைபுரிந்து எழுத்தாகும். வங்கிச் செலான்களிலும் பில் புத்தகங்களிலும் நாம் அழுத்தி அழுத்தி எழுதிய தாள்தான் அது. உடைவதற்கென்றே செய்யப்பட்ட உறை என்ற எண்ணம் அங்கே பிறந்தது.

எபாக்ஸிக்குள் யூரியா–ஃபார்மால்டிஹைடு சுவர் கொண்ட உறைகள். உறைக்குள் டைசைக்ளோபென்டாடையீன் என்ற திரவம். எபாக்ஸி முழுவதும் தூவிய வினையூக்கித் துகள்கள். அந்த வினையூக்கி ராபர்ட் கிரப்ஸ் உருவாக்கியது, அவ்வகை வினைகளுக்காக 2005இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விரிசல் ஓடி வந்து உறையைக் கிழிக்கிறது. திரவம் விரிசலின் இடுக்குக்குள் தானே இழுபட்டுப் பரவுகிறது. வினையூக்கியைத் தொட்டதும் இறுகுகிறது. அறை வெப்பநிலையில் இரண்டு நாட்கள் கழித்துச் சோதித்தபோது இழந்த உறுதியில் 75 விழுக்காடு வரை திரும்ப வந்திருந்தது. சுவரின் கனம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் எத்தனை நுட்பம்! கனத்தால் விரிசல் உறையைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மெலிந்தால் கலக்கும்போதே உடைந்துவிடும்.

குறைகளும் இருந்தன. ஓர் உறை ஒரு முறைதான் உடையும். அதே இடத்தில் இரண்டாம் காயம் பட்டால் மருந்தில்லை. இதைத் தீர்க்க 2007இல் அதே குழுவினர், நம் தோலுக்கடியில் இருப்பதுபோல நாளங்களின் வலைப்பின்னல் ஒன்றைப் பூச்சுக்குக் கீழே அமைத்து, ஒரே விரிசலை ஏழு முறை வரை ஆற்றிக் காட்டினார்கள். அழகான வேலை, ஆனால் ஒரு பாலத்துக்கு நாளம் போட்டுப் பூச யாரால் முடியும்? அடுத்து, ருத்தீனியம் அடங்கிய அந்த வினையூக்கியின் விலை. மூன்றாவது, பூச்சுக்காரர்களின் எளிய கேள்வி: உங்கள் உறையின் விட்டமே என் பூச்சின் கனத்தைவிடப் பெரிது, அதை எங்கே வைப்பது?

இந்தக் கேள்விகளை எதிர்கொண்டபோதுதான் எபாக்ஸிக் கட்டி வண்ணப்பூச்சாக மாறியது. வைட்டும் பால் பிரவுனும் சக ஆய்வாளர்களும் 2009இல் பூச்சுகளுக்கென்றே ஒரு வழியைக் காட்டினார்கள். மருந்தாகச் சிலோக்சேன் வகைத் திரவங்கள், வினையூக்கியாக வெள்ளீயச் சேர்மம். ஈரத்திலும் காற்றிலும் கெடாதவை, விலையும் குறைவு. எஃகுத் தகட்டில் பூசி, கத்தியால் கீறி, உப்புநீரில் போட்டார்கள். சாதாரணப் பூச்சு பூசிய தகட்டில் 24 மணி நேரத்துக்குள் துரு தெரிந்தது. ஆறும் பூச்சு பூசிய தகட்டில் 120 மணி நேரம் கழித்தும் துரு கண்ணுக்குத் தெரியவில்லை. 2008இல் இந்திய ஆய்வாளர்கள் உறைகளுக்குள் ஆளி விதை எண்ணெயையே நிரப்பினார்கள். கீறல் விழுந்தால் எண்ணெய் வழிந்து, காற்றைத் தொட்டு, பழைய ஓவியனின் பலகையில் இறுகியதுபோலவே இறுகும், வினையூக்கியே வேண்டாம். இந்த முழு வரலாற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான். சிங்கப்பூரில் 2011இல் ஐசோசயனேட் திரவத்தை உறையிலிட்டார்கள். அது கீறலில் வந்து சேரும் ஈரத்தோடேயே வினைபுரிந்து இறுகும்.

ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த ஷ்சுகின், மோவால்ட் முதலியோர் வேறு விதமாகச் சிந்தித்தார்கள். விரிசலை ஏன் நிரப்ப வேண்டும்? குரோமேட் விரிசலை நிரப்பவில்லையே, துருவின் வினையைத்தானே நிறுத்தியது? மீநுண் கலங்களுக்குள் பென்சோடிரையசோல் போன்ற அரிப்புத் தடுப்பானை அடைத்து, கலத்தின் சுவரை அமில–காரத் தன்மை மாறினால் திறக்கும்படி அமைத்தார்கள். துரு தொடங்கும் இடத்தில் அந்த மாற்றம் தானே நிகழும். நோய் வந்து கதவைத் தட்டினால்தான் மருந்து வெளியே வரும். மற்ற நேரங்களில் கசியாது. டேவியின் செம்பும் ஷாஃபீல்டின் குரோமேட்டும் எப்போதும் கசிந்துகொண்டே இருந்தவை. இங்கே கசிவுக்கு முதன்முறையாக ஒரு தாழ்ப்பாள் போடப்பட்டது. பூச்சுகளைப் பொறுத்தவரை 2001ஐவிட இதுவே முக்கியமான திருப்பம் என்பது என் அபிப்பிராயம்.

பிணைப்புகளையே அவிழ்த்துக் கட்டும் இரண்டாம் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபிரெட் வுடல் குழுவினர் 2002இல், சூடேற்றினால் பிணைப்பு அவிழ்ந்து, ஆறியதும் மறுபடி கட்டிக்கொள்ளும் கெட்டியான பாலிமரைச் செய்தார்கள். 1928இல் டீல்ஸும் ஆல்டரும் விவரித்த வினைதான் அதன் அடிப்படை. பாரிஸில் லுட்விக் லீப்லர் குழுவினர் 2008இல் தாவர எண்ணெயின் கொழுப்பமிலங்களையும் யூரியாவையும் கொண்டு ஒரு ரப்பரைச் செய்தார்கள். இரண்டாக வெட்டி, வெட்டுவாயை வெட்டுவாயோடு சேர்த்து வைத்தால் அறை வெப்பநிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆனால் வெட்டிய துண்டுகளைத் தனித்தனியே நெடுநேரம் வைத்திருந்தால் ஒட்டும் ஆற்றல் குறைந்துபோகும். மேற்பரப்பில் துணையின்றி நிற்கும் பிணைப்புகள் தமக்குள்ளேயே இணை தேடிக்கொள்கின்றன. மேரெக் அர்பன் 2009இல் நண்டு, இறால் ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானைப் பாலியூரித்தேனில் இணைத்து, புறஊதாக் கதிர் பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் கீறல் மறையும்படி செய்தார்.

கடைக்கு முதலில் வந்தவை எளிமையானவை. நிசான் நிறுவனம் நிப்பான் பெயின்ட்டோடு சேர்ந்து 2005 டிசம்பரில் கார்களுக்கான கீறல் ஆறும் மேற்பூச்சை அறிவித்தது. வெப்பநிலையைப் பொறுத்து ஒரு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் சிறு கீறல்கள் மறையும் என்றார்கள். 2013இல் எல்ஜி நிறுவனத்தின் கைப்பேசி ஒன்றின் முதுகில் அப்படிப்பட்ட பூச்சு வந்தது. இவற்றில் உறையும் இல்லை, மருந்தும் இல்லை. மீள்தன்மை மிக்க பிசின் நசுங்கிப் பிறகு மெல்ல நிமிர்கிறது, அவ்வளவே. பூச்சைத் துளைத்து உலோகத்தைத் தொட்ட கீறல் இதில் ஆறாது. விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டதால் வந்த குழப்பம் இன்றும் தீரவில்லை. காரின் அழகுக்கு வந்த கீறலும் பாலத்தின் உயிருக்கு வந்த கீறலும் ஒன்றல்ல.

பாலங்களில் என்ன நடந்தது? ஃபோர்த் பாலத்தின் முடிவில்லாப் பூச்சு வேலை 2011 டிசம்பரில் முடிந்தது. வட கடலின் எண்ணெய் மேடைகளுக்காக உருவாக்கிய, கண்ணாடிச் செதில் கலந்த எபாக்ஸியைப் பழைய பூச்சு முழுவதையும் சுரண்டியெடுத்துவிட்டுப் பூசினார்கள். குறைந்தது இருபது ஆண்டுகள் தாங்கும் என்பது கணக்கு. அது தானே ஆறும் பூச்சு அல்ல. உள்ளே கிடக்கும் செதில்கள் நீரைச் சுற்றுவழியில் அலையவிடும் கெட்டிப் பூச்சு. ஆய்வகத்தில் 120 மணி நேரம் என்பது வெற்றி. பாலத்தின் பொறியாளருக்கு வேண்டியதோ இருபது ஆண்டுகள் கழித்து, வெயிலும் உப்பும் தின்ற பிறகு, உறைக்குள் இருக்கும் திரவம் திரவமாகவே இருக்கும் என்ற உறுதி. அந்த உறுதியைத் தர இருபது ஆண்டுகள் காத்திருப்பதைத் தவிர வேறு நேர்வழி இல்லை. 2005இல் இல்லினாய் ஆய்வாளர்கள் இந்தப் பூச்சுகளை விற்க ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ஸ்காட் வைட் 2018இல் காலமானார். நான்சி சோட்டோஸ் அந்தப் பணியைத் தொடர்ந்து முன்னெடுத்தார்.

நம் கடலிலும் ஒரு பாலம் உண்டு. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம், உலகின் மிக அரிப்பு மிகுந்த கடற்காற்றில் ஒன்றில் நூறாண்டுக்கு மேல் நின்றது. அரிப்பின் காரணமாக 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், பூச்சுகளையும் உலோகத் தகடுகளையும் கடற்காற்றில் காயவைத்துச் சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையத்தை நெடுங்காலமாக நடத்திவருவதும் இந்தக் காற்றை நம்பித்தான். 2025 ஏப்ரல் 6 அன்று பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதற்குப் பூசியிருப்பது பாலிசிலோக்சேன் பூச்சு. 2009இல் இல்லினாயில் உறைக்குள் அடைத்த திரவத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. பாம்பனில் அந்தக் குடும்பம் உறைக்குள் காத்திருக்கவில்லை. வெளியே நின்று உப்புக்காற்றை வாங்கிக்கொண்டிருக்கிறது. அதில் கீறல் விழுந்தால் இன்னும் ஓர் ஆள் தூரிகையோடு ஏறித்தான் ஆக வேண்டும்.